மைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டிலிருந்தே பாட்டுப் பதிவு செய்வது பற்றி வந்த கட்டுரையை எங்கள் களியக்காவிளை பக்கம் கிட்டார் வைத்திருக்கும் பையன்கள் பாதிப் பேர் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது. திங்கட்கிழமை காலையிலேயே இரண்டு பேர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்கள். கட்டுரையில் மற்றதெல்லாம் சரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "பிக்கப் உள்ள கிட்டார் இருந்தால் மைக்கே தேவையில்லை, வயரை நேராகச் செருகினால் ஸ்டூடியோ தரம்" என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி வயரில் அனுப்ப கிட்டாரிலேயே பொருத்தியிருக்கும் கருவி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த இருவரில் ஒருவன் ஏற்கெனவே பிக்கப் கிட்டார் வாங்கிவிட்டவன். வீட்டில் பதிவு செய்தால் ஏன் கேட்க நன்றாக இல்லை என்று விசாரிக்க வந்தான். இன்னொருவன் இனிமேல் வாங்கப் போகிறவன். அவன் அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. பிக்கப் இல்லாத கிட்டாரைவிட அது 6,000 ரூபாய் கூடுதல், ஆனாலும் பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள் என்பதால் கடன் வாங்கியாவது அதையே வாங்கிவிடலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டாராம். மைக்குக்கு வேறு தனியாகச் செலவில்லையே என்பது அவர் கணக்கு. தப்பில்லை, அவர் படித்தது அப்படி.

நான் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் 14 வருடமாக ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை நடத்துகிறேன். ஸ்டூடியோ என்று சொல்ல எனக்கே கூச்சம், பழைய ஓட்டு வீட்டின் ஒரு அறைதான், மேலே பாதிக்குத் தகரம். கேரள எல்லை பக்கத்திலேயே என்பதால் தமிழில் பாடுகிறவர்களும் வருவார்கள், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கமிருந்து மலையாளத்தில் பாடுகிறவர்களும் வருவார்கள். பெரும்பாலும் சபைப் பாட்டு, கொஞ்சம் கல்யாண ஆல்பம். எந்த மொழி ஆனாலும் கிட்டார் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதனால் இந்த மைக்–பிக்கப் விவகாரத்தில் நான் பட்டதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் இருக்கும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு பாடகர் குழுவுக்கு ஆறு பாட்டு பதிவு செய்தேன். எங்கள் மாவட்டத்துக்கு ஜூனில் ஆரம்பிக்கும் மழையும் உண்டு, அக்டோபரில் ஆரம்பிக்கும் மழையும் உண்டு, அந்த வருடம் நவம்பரில் நிறுத்தாமல் கொட்டியது. தகரத்தில் மழை விழுந்தால் மைக்கை எங்கே வைப்பது? பிக்கப் வயரைச் செருகினேன், மழைச் சத்தமே இல்லை, அடடா என்று ஆறு பாட்டையும் அப்படியே முடித்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு எங்கள் அம்மை ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இது என்னவாக்கும் மக்கா, ரப்பர் பேண்டை இழுத்து விடுறதா?" என்றாள். அம்மைக்கு கிட்டாரும் தெரியாது பிக்கப்பும் தெரியாது. மறுநாள் பாறசாலையிலிருந்து அந்தக் குழுவோடு பாட வந்திருந்தவர் போன் பண்ணி, "சேட்டா, கிட்டார் தகரம் போலெ உண்டல்லோ" என்றார். தகரத்தின் சத்தத்துக்குப் பயந்து செய்த வேலை தகரமாகவே வந்து நின்றது. ஜனவரியில் மழை விட்ட பிறகு கிட்டாரை மட்டும் காசு வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்தேன், அதற்குள் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

அப்படி ஏன் ஆகிறது என்று அப்புறம்தான் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். இங்கே கடைகளில் பிக்கப் கிட்டார் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது பியஸோ வகை. கிட்டாரின் பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டை இருக்கிறதல்லவா, சேடில், அதற்கு அடியில் ஒரு மெல்லிய குச்சி மாதிரி ஒளிந்திருக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள் அது. 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும் படிகங்களில் கண்டுபிடித்த குணம். அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டு அடுக்களையில் கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் 'டக்' என்று பொறி விடுவதும் இதே சங்கதிதான். கம்பி அதிர்ந்து சேடிலை அழுத்துகிறது, அந்த அழுத்தம் மின்சாரமாகி வயரில் போகிறது.

ஆனால் கிட்டாரின் சத்தம் அந்த ஒரு இடத்தில் இல்லையே. கம்பி தனியாக ஒன்றும் பெரிதாகப் பேசாது, அது பிரிட்ஜை ஆட்ட, பிரிட்ஜ் மேல் பலகையை ஆட்ட, உள்ளே இருக்கும் காற்று மூச்சு விட, பின் பலகை தன் பங்குக்கு ஏதோ சேர்க்க, இதெல்லாம் அறையின் காற்றில் கலந்துதான் நம் காதுக்கு வருகிறது. பியஸோவுக்கு இதில் முதல் படிதான் தெளிவாகத் தெரியும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சுவரில் காதை ஒட்டிவைத்துக் கேட்பது போல. மேளம் கேட்கும், மேளம் என்றும் தெரியும், கல்யாணத்துக்குப் போனதாக ஆகாது. ஓங்கி அடித்தால் 'க்வாக்' என்று ஒரு முனை வருகிறதே, கிட்டார்காரர்கள் அதை வாத்துச் சத்தம் என்றே கேலி செய்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. கிட்டாரின் பின்பக்கத்துக்கும் விலாப்பக்கத்துக்கும் உலகம் முழுக்கத் தேடி வாங்கும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி, ரோஸ்வுட் என்பார்களே அது. அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி பிரேசில் ஈட்டி கிடைப்பது சிரமமானதும் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அந்த மரத்தின் ஓசைக்காக எங்கேயோ இருக்கிறவன் லட்சக்கணக்கில் கொடுக்கிறான். நாம் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு மரத்தைக் கேட்காமல் சேடிலுக்கு அடியில் இருக்கும் குச்சியைக் கேட்கிறோம். நம் பையன்கள் வாங்கும் கிட்டார் ஈட்டி இல்லை, ஒட்டுப்பலகைதான், தெரியும். ஒட்டுப்பலகைக்கும் ஒரு குரல் உண்டு, அதையும் மைக் வைத்தால்தான் கேட்கலாம்.

பிக்கப்பையே நான் திட்டுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். சபைத் திருவிழா மேடையில் ஒரு பக்கம் டிரம்ஸ், ஒரு பக்கம் கீபோர்ட், முன்னால் ஆளுயர ஸ்பீக்கர், அங்கே கிட்டாருக்கு முன் மைக்கை வைத்தால் இரண்டாவது பாட்டுக்குள் ஊளையிட ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரின் பெட்டிக்குள் புகுந்து பலகையை ஆட்டி, அது மைக்கில் ஏறி மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. மேடைக்குப் பிக்கப்தான் சரி, அங்கே அதைவிட்டால் வழியில்லை. மேண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்ததைப் போன்ற எலெக்ட்ரிக் வாத்தியமாக இருந்தால் அதற்குக் குரலே பிக்கப்தான், அது வேறு கதை. நான் சொல்வது மரப்பெட்டி கிட்டாரை ஓர் அறையில் உட்கார்ந்து நிதானமாகப் பதிவு செய்யும்போது.

சரி, திங்கட்கிழமை வந்த பையனிடம் வருகிறேன். அவன் கிட்டாரை வாங்கிப் பார்த்தேன். எல்லையோரத்தில் ஒரு கடையில் வாங்கியது, கடைக்காரர் "நேரா மொபைல்ல செருகு, சினிமா மாதிரி வரும்" என்று சொல்லிக் கொடுத்தாராம். கிட்டாருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி செத்துப் போயிருந்தது, அதனால்தான் கரகரவென்று உடைந்து வந்திருக்கிறது. வாசித்து முடித்ததும் வயரைக் கழற்ற வேண்டும், கிட்டாரில் வயர் செருகி இருக்கிற வரைக்கும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, அவன் ராத்திரி முழுக்கச் செருகியபடியே வைத்துவிட்டுத் தூங்குவானாம். புதுப் பேட்டரி போட்டு, வயரில் வரும் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸ் பெட்டியில், கிட்டாருக்கென்றே இருக்கும் இன்ஸ்ட்ரூமென்ட் பட்டனை அழுத்திவிட்டு ஒரு தடவை எடுத்தோம். வந்ததைவிட எவ்வளவோ மேல். உள்ளே சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடுவது அதுதான்) இல்லாத வெறும் பியஸோவாக இருந்தால் அந்தப் பட்டன் இன்னும் அவசியம், 10 லட்சம் ஓம் அளவுக்காவது எதிர்ப்பு இருக்கும் இடத்தில் செருகாவிட்டால் அடிச்சத்தமெல்லாம் வடிந்து ஒல்லிக் குச்சியாக வரும்.

அப்புறம் வயரைக் கழற்றிவிட்டு, அதே பாட்டு, அதே பையன், மைக். ஒல்லியான பென்சில் மாதிரி கண்டென்சர் மைக் ஒன்று இருக்கிறது, நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் வகை, வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். பையன் தானாகவே அதை கிட்டாரின் வட்டத் துளைக்கு நேராகத் திருப்பினான். எல்லாரும் முதலில் அப்படித்தான் செய்வார்கள், சத்தம் அங்கேயிருந்துதானே வருகிறது என்று நினைத்து. எடுத்துக் காட்டினேன். ஜி கார்டு வரும்போதெல்லாம் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி 'பொம்ம்' என்றது. காரணம் இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு என்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு, பெரும்பாலான கிட்டார்களில் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 100 அதிர்வு, பக்கத்தில் விழும், அந்த கார்டில் ஆறாவது கம்பியில் பிடிக்கும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. மைக்கைத் துளையிலிருந்து நகர்த்தி, கழுத்து பெட்டியில் சேரும் பக்கத்தை, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் (ஃப்ரெட்) 12ஆவதை ஒட்டி, ஓரடி தள்ளிப் பார்க்கும்படி வைத்தேன். கொஞ்சம் துளைப் பக்கம் சாய்த்தால் கனம் கூடும், கழுத்துப் பக்கம் சாய்த்தால் பளபளப்பு கூடும், அவ்வளவுதான் வித்தை. பையன் ஹெட்போனைக் கழற்றாமல் "கொள்ளாம்" என்றான், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி போடச் சொன்னான், மறுபடி போடச் சொன்னான்.

விலை உயர்ந்த மைக்தான் வேண்டும் என்றும் இல்லை. ஷூர் எஸ்எம்57 என்ற டைனமிக் மைக், தனியாக மின்சாரம் கேட்காத வகை, 1965இலிருந்து விற்பனையில் இருக்கிறது, பெரிய ஆல்பங்களில் கிட்டாருக்கு முன்னால் நின்றிருக்கிறது. நம் சபைகளில் பாடுவதற்கு வைத்திருக்கும் மைக்கும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். கேட்டால் ஒரு நாள் இரவல் தருவார்கள். அதுவும் இல்லையா, போனையே ஓரடி தள்ளி ஒரு ஸ்டூல்மேல் துணி விரித்து வைத்து எடுத்துப் பாருங்கள், செத்த பேட்டரி பிக்கப்பைவிட அது மேல் என்று நான் எழுதியே கொடுக்கிறேன்.

மைக்கின் சங்கடம் எல்லாம் மைக்கில் இல்லை, நம் ஊரில் இருக்கிறது. அது எல்லாவற்றையும் கேட்கும். மின்விசிறி ஓடினால் அதன் இறக்கை காற்றை வெட்டுவது கூடக் கேட்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டி கிட்டார் மேலேயே விழும். சுற்றிலும் ரப்பர் தோட்டம், சாயங்காலமானால் சீவிடுகள், அதாவது சில்வண்டுகள், கத்த ஆரம்பித்து, கிட்டாரின் பளபளப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ சரியாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், எந்த சாப்ட்வேர் போட்டும் பிரிக்க முடியாது. எங்கள் இடத்தில் உண்மையான அமைதி என்பது ராத்திரி 11 மணிக்குக் கடைசி பஸ் போனதிலிருந்து விடிகாலை 3 மணிக்குப் பால் வெட்டுகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பும் வரைக்கும்தான். அஞ்சு மணிக்குள் மூன்று மதத்து ஒலிபெருக்கியும் எழுந்துவிடும், நான் யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாரும் என் வாடிக்கையாளர்கள். அதனால் கிட்டாரை மட்டும் நான் பெரும்பாலும் நள்ளிரவில்தான் எடுக்கிறேன். அறைக்கு முட்டைத் தட்டு ஒட்டுங்கள் என்று சொல்வார்கள், அது வெளிச் சத்தத்தைத் தடுக்காது, கரப்பான்பூச்சிக்குத்தான் நல்லது. கயிற்று மெத்தை இரண்டைச் சுவரில் சாய்த்து, துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து வாசித்தாலே அறையின் எதிரொலி பாதி அடங்கும்.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. கிட்டார் மரத்துக்கு ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது என்பார்கள், இங்கே ஜூலையில் 80ஐத் தாண்டி நிற்கும். மேல் பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பி உயரும், சத்தம் மந்தமாகும். பதிவு இல்லாத நேரத்தில் பெட்டியில் பூட்டி, சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைந்து போட்டு வையுங்கள், புதுச் செருப்பு வாங்கினால் டப்பாவில் கிடைக்குமே அதேதான்.

பிக்கப்பிலும் சத்தத் தொல்லை உண்டு, அதையும் யாரும் சொல்வதில்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்தால் சில வீடுகளில் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் வயர் வழியாக ஏறிவிடும், எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் கரண்ட் இருக்கும்போதே வரும். ஒரு தடவை இரண்டு மணி நேரம் வயர் வயராக மாற்றிப் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. அதிலிருந்து எடுக்கும்போது லேப்டாப் பேட்டரியில்தான் ஓடும்.

இரண்டையும் சேர்த்து எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நான் இப்போது அப்படித்தான் எடுக்கிறேன், ஆனால் முதல் தடவை அதிலும் அடிபட்டேன். மைக் தனியாகக் கேட்டால் நன்றாக இருந்தது, பிக்கப் தனியாகக் கேட்டால் சுமார், இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டைவிடவும் ஒல்லியாகிவிட்டது. கூட்டல் எப்படிக் கழித்தலாகும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிக்கப்பில் சத்தம் உடனே வந்துவிடுகிறது, மைக்குக்கு அது காற்றில் ஓரடி நடந்து வர வேண்டும், வினாடிக்கு 340 மீட்டர் சொச்சம் வேகத்தில் அதற்கு ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. அவ்வளவு சின்னத் தாமதம் காதுக்குத் தாமதமாகத் தெரியாது, ஆனால் 500, 600 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு அலை ஏறும்போது இன்னொன்று இறங்கி ஒன்றையொன்று தின்றுவிடும், கிட்டாரின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. திரையில் இரண்டு அலையையும் பெரிதாக்கிப் பார்த்து, பிக்கப் ட்ராக்கை 40 சாம்பிள் (கம்ப்யூட்டர் ஓசையை நறுக்கும் மிகச் சிறிய துண்டு) போலத் தாமதமாகும்படி பின்னால் தள்ளினேன், கிட்டார் சதை போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றது. மைக்கும் பிக்கப்பும் முதலிலேயே ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பதிவாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதற்கு மிக்ஸரில் அலையைத் திருப்பிப் போடும் ஃபேஸ் பட்டனைத் தட்டிப் பார்த்து, எப்போது கனமாகக் கேட்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.

என் கணக்கில் மைக் சோறு, பிக்கப் ஊறுகாய். மிக்ஸில் பிக்கப்பை மெல்ல ஏற்றி, கேட்கிறது என்று தெரிந்த இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கி வைப்பேன். அப்புறம் அது குடை மாதிரியும் உதவும். போன ஐப்பசியில் ஒரு அக்கா பாட்டின் கடைசி வரிக்குக் கிட்டார் எடுக்கும்போது சடசடவென்று தகரத்தில் மழை இறங்கியது, வாசித்தவர் அன்று ராத்திரியே ஊருக்குப் போகிறவர், திரும்பி எடுக்க முடியாது. அந்த எட்டு வினாடிக்கு மட்டும் மைக்கை அணைத்துப் பிக்கப்பை ஏற்றினேன். பாட்டுக்குள் ஒளிந்துகொண்டது, இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த அக்கா கேட்டால் ஒத்துக்கொள்வேன்.

ஆகவே ஐயா, மேடையில் வாசிக்கும் எண்ணமும் இருக்கிற பையன் பிக்கப் கிட்டார் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. பதிவு செய்ய மட்டும் என்றால் அந்த 6,000 ரூபாய்க்கு ஒரு சாதாரண மைக்கும், ஸ்டாண்டும், ஒரு செட் புதுக் கம்பியும் வாங்கிவிடலாம். கம்பி துருப்பிடித்துக் கிடந்தால் எந்த மைக் வைத்தும் பயனில்லை, எங்கள் ஈரக் காற்றுக்கு அது மாதக்கணக்கில் தாங்காது.

இதை நான் அந்த இரண்டாவது பையனிடம் வாயால் சொல்லிவிட்டேன், வீட்டில் போய்ச் சொல்லியும் இருக்கிறான். அவன் அப்பா, "பேப்பர்ல போட்டிருக்கவன் பெரிய ஆளா, அந்தத் தகரக் கொட்டகைக்காரன் பெரிய ஆளா?" என்று கேட்டாராம். கடைக்கு வரும் சனிக்கிழமை போகிறார்கள். அதனால் இந்தக் கடிதத்தை எவ்வளவு சுருக்கினாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
களியக்காவிளை பக்கம்.